தாடிய

கண்ணாடிக் கடையும் பல் வைத்தியரும் தாண்டி
மூன்றாம் மாடியில் ஓர் அறை.
வெளியே, பம்பலப்பிட்டியில், முப்பத்திரண்டு பாகை.
உள்ளே நாற்பது.
இடையில் உள்ள எட்டுப் பாகைக்குத்தான்
மாதம் ஒன்பதாயிரம் கட்டுகிறேன்.
"சித்திரை மாதம் மத்தியானம்
நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில ஏறுங்கோ,
டிக்கெட் காசோட முடிஞ்சிடும்" என்றாள் கௌசிகா.

முதல் நாள், நாய் குனிகிற ஆசனத்தில்
கைகள் முன்னால் ஓடின,
கால்கள் பின்னால் ஓடின,
நடுவில் இருந்த நான் தரைக்கு வந்தேன்,
மூக்கு முதலில்.
பக்கத்துப் பாயில் கீழ்மாடிப் பல் வைத்தியர் டெஸ்மண்ட்.
குனிந்தபடியே தன் இரண்டாவது துவாயைத்
தள்ளிவிட்டார் என் பக்கம்.
"காய்ஞ்சது வழுக்கும். தண்ணி தெளிச்சுப் போடுங்கோ."

நம்ப எனக்குச் சில கிழமைகள் எடுத்தன.
இப்போது போத்தலோடு போகிறேன்.
கையும் காலும் விழும் நாலு இடத்தில் மட்டும் தெளிப்பு.
காலையில் தேங்காய் எண்ணெய் தொடுவதில்லை.
நெற்றிக்கு ஒரு பட்டி,
கண்ணில் உப்பு இறங்கினால் ஆசனமும் இல்லை அறையும் இல்லை.
விரல்களை விரித்து
சுட்டுவிரலின் அடியால் தரையை அழுத்தவேண்டும்,
கதவை யாரோ மறுபக்கம் தள்ளுவதுபோல.
எல்லாம் வந்துவிட்டது.
"துடைக்காதீர்கள், துடைக்கத் துடைக்கக் கூடும்"
என்கிறாள் ருவந்தி.
அது மட்டும் வரவில்லை.

துடைத்தே வளர்ந்த கை இது.
பரீட்சைத் தாளில் மை கரைந்து
சரியான விடை நீலக் குளமாயிற்று.
கௌசிகாவின் கைபிடிக்குமுன்
பட்டு வேட்டியில் இரண்டு தரம் துடைத்தேன்,
வீடியோவில் இருக்கிறது.
இடப் பொக்கற்றில் ஒரு லேஞ்சி, வலப் பொக்கற்றில் ஒன்று.

தொண்ணூற்றாறில், வவுனியாவிலிருந்து வந்த ஒன்பதாம் நாள்,
கொம்பனித்தெருச் சோதனைச் சாவடியில்
நான் நீட்டிய அடையாள அட்டை நனைந்திருந்தது.
அவனுக்கும் என் வயதுதான்.
அட்டையைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான்.
"மெச்சர தாடிய?"
எனக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல்,
வியர்வை அதில் இல்லை.
தமிழில் கேட்கிறான் என்று நினைத்து
காலையில் மழித்த கன்னத்தைத் தடவிக் காட்டினேன்.
"இல்லை. தாடி இல்லை."

வரிசையில் பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கினார்.
அவன் சிரிக்கவில்லை. ஓரமாய் நிற்கச் சொன்னான்.
இரண்டு மணித்தியாலம்.
நிற்க நிற்க இன்னும் வேர்த்தது,
வேர்க்க வேர்க்க இன்னும் நிற்கவேண்டி இருந்தது.
இரும்புத் தொப்பியின் கீழே
அவனுக்கும் காதோரம் ஒழுகிற்று.
அவனை யாரும் கேட்கவில்லை.

இந்த அறையில் இருபத்திரண்டு பேர்.
எல்லாருக்கும் ஒழுகுகிறது.
சுவர்க்கண்ணாடி புகைந்துபோய்
எந்த முகம் யாருடையது என்று தெரியவில்லை.
பாய்களுக்கிடையே நடந்துவருகிறாள் ருவந்தி.
"தாடிய ஹொந்தை," என்கிறாள் என் தலைக்கு மேலே,
"ஹொந்தை, ஹொந்தை."
நல்லதாம்.
வலக்கை ஓர் அங்குலம் போகிறது. பிடிக்கிறது.

இப்போது எனக்கு உண்மையிலேயே தாடி இருக்கிறது,
பாதி நரை.
பலகைபோல நீட்டி நிற்கையில்
அதன் நுனியிலிருந்து சொட்டுகிறது.
துவாயில் ஒரு வட்டம் கறுத்துப் பெரிதாகிறது.
எண்ணுகிறேன்.
பதினேழில் மூச்சை விடச் சொல்கிறாள்.

படியிறங்கும்போது டெஸ்மண்ட் கை நீட்டுகிறார்,
"இண்டைக்கு விழேல்ல!"
பழக்கத்தில் என் கை துடைக்க இடுப்புக்குப் போகிறது.
அங்கேயும் ஈரம்.
லேஞ்சிகள் மேலே, பையில்.

அப்படியே கொடுத்தேன்.
அவருடையதும் சொதசொதவென்று இருந்தது.