பதினேழாம் எண்

ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தொரு பையன்கள்.
வேறெங்காவது இதைப் பாதிப் பிரிவு என்பார்கள்;
லிங்கராஜபுரத்தில், ரயில் பாதைக்கு முதுகு காட்டி நிற்கும்
எங்கள் ஆரோக்கியநாதர் பள்ளியில்
வகுப்பே இவ்வளவுதான்.

குரல் உடைகிற வயது.
தலை தூக்காமல் பெயர் கூப்பிட்டாலும்
எந்தத் தொண்டை யாருடையது என்று எனக்குத் தெரியும்.
ஃபுர்கானுக்கு எண்ணெய் காணாத வண்டி அச்சு.
டெரிக்குக்கு ஒரே சொல்லில் இரண்டு சுருதி.
நஞ்சுண்ட கவுடா எந்த மிஸ்ஸையும்
மிஸ்ஸு என்றுதான் முடிப்பான்.

அதனால்தான்
ஜூலை இரண்டாம் வாரம் ஒரு காலை
"பதினேழு, இன்னாசி ரெஜிஸ்" என்றதற்கு
"பிரசன்ட் மிஸ்ஸு" என்று வந்ததும்
பேனா நின்றது.
பதினெட்டுக்கும் அதே மிஸ்ஸு.

மறுநாள் டெரிக். அதற்கு மறுநாள்
எவனோ மூக்கைப் பிடித்துக்கொண்டு.
முறை போட்டிருக்கிறார்கள், பாவிகள்.
கரும்பலகை துடைக்க நான் போட்ட முறை
ஒரு வாரம் தாண்டியதில்லை.

இரண்டாம் பெஞ்சில்
ஓர் ஆள் அகலம் காலியாகவே கிடந்தது.
நெருக்கி உட்கார்ந்தார்களே தவிர
யாரும் அதில் பையைக்கூட வைக்கவில்லை.

வீட்டுப்பாட நோட்டும் வந்தது.
நான்கு கணக்கில் மூன்று சரி.
கையெழுத்து அவனுடையதேதான்.
தாளோரம் இளநீர்க் கறை,
காய்ந்த இடத்தில் ஓர் எறும்பு.

அப்புறம் கண்டேன், கோல்ஸ் பார்க் ஓரம்.
கால் முறிந்து கிடக்கும் அப்பாவின் தள்ளுவண்டியில்
இன்னாசி இளநீர் சீவிக்கொண்டிருந்தான்.
ஃபுர்கான் சில்லறை எண்ணினான்.
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து டெரிக்
அன்றைய வரலாற்றுப் பாடத்தை உரக்க வாசித்தான்,
தப்பும் தவறுமாக.
எதிர்ப்பக்க நடைபாதையில்
குடையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டேன்.

பதிவேட்டில் பொய் எழுதக் கை வரவில்லை.
மெய் எழுதவும் வரவில்லை.
தினம் ஒரு புள்ளி வைத்தேன், பென்சிலால்.

மாதக் கடைசியில் ஃபாதர் மஸ்கரேனாஸ் பதிவேடு பார்த்தார்.
அந்த வரிசையில் மட்டும் விரல் மெதுவாக நகர்ந்தது,
ஜெபமாலை மணி உருட்டுகிற மாதிரி.
பதினான்கு புள்ளி.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாளைக்கு வழுக்கைக் காய் ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லுங்க.
எனக்குப் பல் சரியில்ல."

காலை ஜெபத்தில் உதடு மட்டும் அசைப்பவள் நான்.
அடுத்த நாள் ஒரு வரிக்குக் கொஞ்சம் சத்தம் வந்தது.
எந்த வரி என்று சொல்லமாட்டேன்.

ஆகஸ்டு. மழை.
ஒன்பதரை ரயில் ஜன்னலை உலுக்கிப் போகட்டும் என்று இருந்து
விட்ட இடத்திலிருந்து கூப்பிட்டேன்: பதினேழு.

"பிரசன்ட் மிஸ்."

தடித்த குரல். ஓர் ஆம்பிளையின் குரல்.
நான் அறிந்த தொண்டை எதிலும் இல்லாதது.
எவன்டா அது,
வெளியிலிருந்து ஆள் பிடிக்கிற அளவுக்குப் போயாச்சா என்று
கோபமாக நிமிர்ந்தேன்.

இரண்டாம் பெஞ்சில்
கட்டைவிரலில் துணி சுற்றிய கையைத் தூக்கியபடி
அவனே நின்றிருந்தான்,
தன் குரலைத் தானே நம்பாதவனாக.

பின்னாலிருந்து யாரோ சொன்னான்:
"ஏமாறாதீங்க மிஸ்ஸு, இது டூப்பு."