நாலடி குறைகிறது

வெளிச்சுவர் நாற்பத்திரண்டு அடி.
உள்ளே மூன்று அறைகளையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால்
முப்பத்தெட்டு.
ஹஃபிஸை மறுபடி அளக்கச் சொன்னேன்.
லேசர் புள்ளி ஓடிப்போய்ச் சுண்ணாம்பில் சிவந்து நின்றது.
"சாமா ஜுகா, காக்."
அதே முப்பத்தெட்டு.

சுங்கை கெலுப் டவுனில் இதற்கு
அரண்மனை என்று பெயர்.
எந்த அரசனும் இங்கே ஓர் இரவு தூங்கியதில்லை.
பஸ்காரர் "இஸ்தானா!" என்று கத்துவார்,
நாலு பேர் இறங்குவார்கள்,
நாலு பேரும் எதிரே மீ கடைக்குள் போய்விடுவார்கள்.

ஹார்ட்விக் துரை எங்கோ ஒரு மகாராஜாவின் நகரத்தில்
மூன்று நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்து
பெரட்டுக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தாராம்:
ஒன்பது கும்மட்டம்,
யானை நுழையும் வாசல்
(தோட்டத்தில் யானை இல்லை, இரண்டு மாட்டுவண்டி இருந்தன),
பித்தளைக் கைப்பிடி போட்ட படிக்கட்டு,
பெண்கள் நின்று வேடிக்கை பார்க்கச் சல்லடை ஜன்னல்.
துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கித்தா விலை விழுந்த வருஷம்
ஒரு கும்மட்டத்தோடு கொத்தனார்கள் கப்பலேறினார்கள்.
மீதி எட்டு வட்டத்திலும் இன்றுவரை மழைத்தண்ணீர்.
சுகாதார இலாகா வந்து கொசுமருந்து அடிக்கிறது.

பிறகு ஜப்பான்காரன் இருந்தான்.
நடனக்கூடத்துத் தரையில் மேசைகளை ஆணியடித்து நிறுத்திய
ஓட்டைகளை எண்ணினேன், அறுபத்து நாலு.
பிறகு போலீஸ். பிறகு வௌவால்.
பிறகு தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றபோது
செம்பனையோடு சேர்த்து இதையும் வாங்கிய இயோ தவ்கே.
இப்போது அவர் மகள்:
ஆயிரம் பேர் உட்கார ஒரு கல்யாண மண்டபம்,
மேடை இந்தப் பக்கம், கேக் அந்தப் பக்கம்.

லண்டனில் வரைந்த பழைய படத்தை விரித்தேன்.
அந்த நாலடியில் சாய்கோடு போட்டிருந்தது.
கெட்டிச் சுவர் என்று அர்த்தம்.

தட்டினேன்.
கெட்டி இல்லை.

தோட்டி ஏறும் பின்படிக்குக் கீழே, பலகை அறைந்த ஒரு திறப்பு.
குனிந்து போனோம்.
நாலடி அகலம், பதினோரடி நீளம், ஜன்னல் கிடையாது.
உத்தரத்துக்குக் கீழே ஒரு துளை,
அதன் மரவிளிம்பில் கயிறு அறுத்த பள்ளம்,
என் இரண்டு விரல் ஆழம்.
அப்பால் துரையின் சாப்பாட்டு மேசை.
அங்கே அசைந்த காற்று
இங்கிருந்துதான் போயிருக்கிறது.

அடி என்றால் அளவு.
அடி என்றால் பாதம், கயிற்றைப் பெருவிரலில் கட்டிக்கொண்டால்
கை இரண்டும் சும்மா இருக்கும்.
அடி என்றால், அசந்து பங்கா நின்ற இரவுகளில்
கிடைத்ததும்.

டார்ச்சைத் தரைக்குத் திருப்பிய ஹஃபிஸ் பின்வாங்கினான்.
முக்கோணம், குறுக்கே கோடுகள், ஆணியால் கீறியது.
"மந்திரமா, காக்? ஹந்துவா?"
ஆடுபுலி, என்றேன்.
மூன்று புலி, பதினைந்து ஆடு.
இரண்டு பேர் வேண்டும்.

கிராணியின் பழைய பேரேட்டில்
'பங்கா, ஆள் 1, மாதம் ஆறு வெள்ளி' என்றிருக்கிறது.
பெயர் எழுதவில்லை.
ஆனால் எதிரெதிர்ச் சுவர்களில்
முதுகு உயரத்தில் எண்ணெய்க் கறை,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஒன்று மற்றதைவிட ஒரு சாண் கீழே.
தம்பியா, மனைவியா, லயத்திலிருந்து ஓடிவந்த யாரோ ஒரு பொடியனா,
எனக்குத் தெரியாது.
அளக்க வந்தவள் நான், கதை கட்ட அல்ல.

மிஸ் இயோவுக்கு ஃபோன் செய்தேன்.
"நல்லதாப் போச்சு, ஏர்கான் குழாய் அந்த வழியா போகட்டும்."
தப்பில்லை. அந்தச் சந்துக்கு அதுதான் வேலை.

லேப்டாப்பில் சாய்கோட்டை அழித்தேன்.
அறைக்குப் பெயர் கொடுக்காமல் கணினி கூட்டித் தராது.
ஸ்டோர் என்று அடித்தேன். அழித்தேன்.
'ஆள் 2' என்று அடித்தேன்.
நாற்பத்திரண்டு.

சந்துக்குள்ளிருந்து சத்தம்.
ஹஃபிஸ் பாட்டில் மூடிகளும் சரளைக்கல்லும் பொறுக்கி வைத்துவிட்டு,
முதலில் வைப்பது ஆடா புலியா என்று கேட்கிறான்.

ஆடு, என்றேன்.