வட்டத்துக்குள் இரண்டு புள்ளி

மாதிரி எண் 4417.
முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில்
பதினெட்டு மணி நேரம் கண்மூடாமல் பெருகியிருக்கிறது.
மூடியைத் திறக்கிறேன்.
வைக்கோல் நிறத்தில் ஒரு வயல்,
அதில் ஆறு வெள்ளை வில்லைகள்,
வில்லைக்கொரு மருந்து.

கிஷினாவில் இன்று மைனஸ் பதினொன்று.
ஜன்னலின் உள்பக்கமும் பனி பூத்திருக்கிறது.
ஹீட்டர் எங்களுக்கில்லை, இன்குபேட்டருக்கு மட்டும்தான்.
இந்தக் கட்டடத்தில் வசதியாக இருப்பவை
பாக்டீரியாக்கள்.

கொல்லத் தெரிந்த மருந்தென்றால்
அதைச் சுற்றி வெறிச்சோட வேண்டும்.
முதல் வில்லை: விளிம்புவரை வந்து
தோளுரசி நிற்கிறது கூட்டம்.
இரண்டாவது: அதே.
மூன்றாவது, போன வருடம்வரை நாங்கள் நம்பிய மருந்து.
அதன்மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
நான்காவதை அளக்க ஸ்கேல் எடுத்து
வைத்துவிட்டேன்.

படிவத்தில் பெயர் இல்லை.
பெண், 52, டிராலிபஸ் ஓட்டுநர்.
பெயரை அவளே சொன்னாள் நேற்று,
ஆய்வகத்துக்கு நோயாளிகள் பேசக்கூடாத எண்ணில் அழைத்து:
'அகாஃபியா பேசறேன். எரியுது. எப்ப வரும்?'
பின்னணியில் கதவு மூடும் காற்றொலி.
கடைசி நிறுத்தத்தில் நின்று பேசியிருக்க வேண்டும்.
அங்கே கழிப்பறை உண்டாம்,
சாவி கியோஸ்க்காரரிடமாம்,
கியோஸ்க் பத்து மணிக்குத்தான் திறக்குமாம்.
அதனால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லையாம்.

'முன்பு ஏதாவது மருந்து?'
கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.
டிப்போவில் ஒருத்தி மிச்சம் வைத்த நாலு மாத்திரை.
அதற்கு முந்தின குளிர்காலம் இன்னொருத்தியின் மூன்று.
எரிச்சல் நின்றதும் தன் மிச்சத்தை
வேறொருத்திக்குக் கொடுத்தாளாம்.
பெருந்தன்மையாகத்தான் சொன்னாள்.
உள்ளே அவைகளும் அப்படித்தான், அகாஃபியா.
தப்பிக்கத் தெரிந்த ஒன்று
ஒட்டி நிற்கும் இன்னொன்றுக்குத்
தப்பிக்கும் வழியை எழுதிக் கொடுத்துவிட்டு
நகர்ந்துபோகும். விலை கேட்பதில்லை.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
'நாளைக்கு' என்றேன்.

ஐந்தாவதும் போயிற்று.

ஆறாவது வில்லை ஃபாஸ்ஃபோமைசின்.
வட்டம்!
இருபத்தாறு மில்லிமீட்டர்.
இருபத்துநாலு இருந்தாலே போதும்.
எழுந்து விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
உள்ளே,
அந்தச் சுத்தமான வெறுமையின் நடுவில்
குண்டூசி முனையளவு இரண்டு புள்ளி.

கையேட்டைப் புரட்டினேன், மனப்பாடம்தான் என்றாலும்.
இந்த மருந்துக்கு, இந்தக் கிருமிக்கு,
வட்டத்துக்குள் தனித்து நிற்கும் புள்ளிகளைக்
கணக்கில் எடுக்க வேண்டாம்.
வெளி விளிம்பை மட்டும் அளக்கவும்.
பெரியவர்கள் கூடி யோசித்து எழுதியது.
சரியாகத்தான் இருக்கும்.
'கட்டுப்படும்' என்று தட்டச்சு செய்தேன்.
ருக்சாந்தா கையெழுத்துப் போட்டாள்,
புள்ளிகளைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
தேநீரை ஊதிக் குடித்தாள்.

தட்டு ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டியது.
போகவில்லை.
கம்பியைச் சுட்டு, ஆறவிட்டு,
ஒரு புள்ளியை மட்டும் தொட்டு
புதுத் தட்டில் கோடிழுத்தேன்.
யாரும் கேட்காத சோதனை.
பதிவேட்டில் வரி கிடையாது.
மூடியில் தேதி மட்டும் எழுதினேன்.

விடிந்து வீட்டுக்குப் போகும் டிராலிபஸ்.
ஓட்டுநரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
சாம்பல் கம்பளித் தொப்பி, வேறு யாராகவும் இருக்கலாம்.
கடைசி நிறுத்தத்தில்
திரும்பும் பயணத்துக்கு ஆட்கள் ஏறிய பிறகும்
வண்டி கிளம்பவில்லை.
பனியை மிதித்து அவள்
பூட்டிய கியோஸ்க்குக்குப் பின்னால் ஓடுவது தெரிந்தது.
கதவுகள் திறந்தே கிடந்தன, குளிர் உள்ளே வந்தது.
யாரோ கடிகாரத்தைத் தட்டிக் காட்டித் திட்டினார்.

நான் இறங்க வேண்டிய இடம் அதுதான்.
அவள் திரும்பி வரும்வரை
இறங்கவில்லை.