பதின்மூன்றுக்குப் பதினான்கு

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே, அறுத்த வயலில்
சுண்ணாம்புக் கோடு, நாலு கம்பத்தில் போகஸ் லைட்.
ஈசல்கள் வலையில் மோதி மோதி விழுகின்றன,
வலையைத் தொட்டதற்கு அவற்றுக்கு மட்டும் விசில் இல்லை.

என் மடியில் மாவட்டத் தேர்வுப் படிவம்.
லிஃப்டர் என்ற கட்டத்துக்கு நேராக
பென்சிலில் ஏற்கெனவே ஒரு பெயர்: கருந்தமலை.
அவனைப் பார்க்கத்தான்
மாட்டுத்தாவணியிலிருந்து நின்றுகொண்டே வந்தேன்.

ஐந்தாவது செட். ஒன்பதுக்குப் பதினொன்று.
குதித்து இறங்கிய கருந்தமலை
எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கினான்.
இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வெளியே போனான்,
போகும்போதும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டு.

பெஞ்சில் மிச்சம் இருந்தது தவசி.
பிளஸ் டூ. அண்ணன் ஒருத்தனின் பனியன்,
எண்ணின் ஓரம் உரிந்து எட்டு மூன்றாகியிருந்தது.
உள்ளே போகுமுன் உள்ளங்கையை
மண்ணில் தேய்த்தான், தொடையில் தேய்த்தான்,
மறுபடி மண்ணில்.

முதல் பந்து தாழ்ந்தது. ஜெயபாலு குனிந்து அடித்து
எப்படியோ ஒரு புள்ளி; கூடவே ஒரு வசவு.
அடுத்தது வலையை ஒட்டிப் போனது. மறுபடி வசவு.
நான் நடுவர் மேடையைப் பார்க்கவில்லை,
அவன் கழுத்தைப் பார்த்தேன்.
எச்சில் இறங்கவில்லை.

அப்படியே ஊர்ந்து பதின்மூன்றுக்குப் பதினான்கு.

சர்வீஸை லிபரோ எடுத்தான், அழகாக, வானத்துக்கு.
ஜெயபாலு இடது ஓரத்திலிருந்து கிளம்பிவிட்டான்.
அவனுக்கு எதிரே மூன்று பேர், ஆறு கைகள்,
கதவடைத்த மாதிரி.
வயல் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது,
கடலை விற்கிறவர் உட்பட.

தவசி முதுகை வளைத்துப் பின்பக்கம் போட்டான்.
அங்கே ராயப்பன்,
சாயங்காலத்திலிருந்து ஒன்றும் சரியாக அடிக்காத ராயப்பன்,
எதிரே ஆளே இல்லாமல்.
பந்து சுழலவே இல்லை;
அதில் அச்சடித்த கம்பெனிப் பெயரை
ஓய்வாகப் படித்திருக்கலாம்.

நாலு விரல்கடை வெளியே.

"ஜெயபாலு நிக்கையில அவனுக்குக் குடுக்காம,
கூறு இருக்காடா ஒனக்கு?"
மைக்கில் ஜெயித்த ஊரின் பெயர். வெடி.
பக்கத்தில் பிரிட்டோ சார், சக தேர்வாளர்,
'பதற்றத்தில் முடிவெடுத்தல்' கட்டத்தில்
பத்துக்கு நாலு போட்டுப் பேனாவை மூடினார்.
"ரிசல்ட்னு ஒண்ணு இருக்கும்மா."
நான் என் கட்டத்தைக் காலியாக வைத்தேன்.
ராயப்பனின் மணிக்கட்டுக்கு
தவசி எப்படிப் பொறுப்பாவான்?

தண்ணீர் டிரம் பக்கம் தனியாக நின்றான்.
முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் கழுவினான்.
பதிலையே கேள்வியில் வைத்துக் கொடுத்தேன்:
"அந்தப் பக்கம் பிளாக் இல்லைன்னு
பாத்துத்தானே குடுத்த?"

ஆமாம் என்றால் போதும்.
ஒரே ஒரு ஆமாம், எட்டரை போட்டிருப்பேன்.

"இல்லக்கா. எதையும் பாக்கல.
ஜெயபாலண்ணே ரெண்டு வாட்டி வஞ்சுட்டாரு.
மூணாவதும் வைவாருன்னு பயம்.
அதான் பின்னாடி தள்ளிவிட்டேன்."

தள்ளிவிட்டானாம்.
பயந்த விரல் பந்தை அப்படியா அனுப்பும்,
தூங்குகிற பிள்ளையைக் கை மாற்றுவது போல?
அல்லது அவன் கண் பார்த்ததை
அவனுக்கே சொல்லவில்லையா?
சரியான இடத்துக்குத் தப்பான காரணத்தோடு
போய்ச் சேர்ந்தவனுக்கு எத்தனை மார்க்?
பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தும்
சொல்லாததற்கு எந்தக் கட்டம்?
படிவத்தில் உயரம் இருக்கிறது, எடை இருக்கிறது,
ஆதார் எண்கூட.

கடைசி பஸ். மேலூர் தாண்டி
கண்டக்டர் பாதி லைட்டை அணைத்துவிட்டார்.
செல்போன் வெளிச்சத்தில் ஏழு போட்டேன்.
ஏழின் இறங்குகோடு நடுங்கியிருந்தது.
நாலுவழிச் சாலை, குழி ஒன்றும் இல்லை.
யாராவது கேட்டால்
பஸ் குலுங்கியது என்றுதான் சொல்வேன்.