ஒண்டு கூட

"நிறமூர்த்தம் ஒண்டு கூட" என்றார்
பெரியாஸ்பத்திரி டொக்ரர்.
அம்மா பாசையூர்ச் சந்தையில் மீன் விற்றவள்.
நூறு சூடைக்கு மேல் ஒன்றைக்
கூடப் போட்டுக் கொடுத்தால்தான் அவளுக்கு வியாபாரம்.
"கூடத்தானே, குறையேல்லையே" என்று
என் தம்பியைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.
ஞானஸ்நானப் பெயர் பெனடிக்ற். கூப்பிடுவது பெனோ.

இப்போது வயது முப்பத்தெட்டு.
வாடியில் நண்டு தெரிக்கிறான்:
பெரிது, நடு, கால் முறிந்தது.
சினை நண்டு கையில் பட்டால்
யாரையும் கேளாமல் கடலுக்குள் விட்டுவிடுவான்.
முதலாளி ஏசி ஏசி ஓய்ந்து போனார்.

எனக்கு ஆஸ்பத்திரி வீதி மருந்துக்கடையில் வேலை.
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்
என்று உறையில் எழுதி எழுதி
எந்தக் குளிசை எதைச் செய்யும் என்பதைவிட
எதைச் செய்யாது என்பதுதான் நன்றாகத் தெரியும்.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் றெஜினா
போன வருசம் ஒரு போத்தல் அனுப்பினாள்.
பச்சைத் தேயிலைச் சாறாம், மூளைக்கு நல்லதாம்.
நான் மூடியைத் திறக்கவில்லை.
பிறகு ஆய்வுக் கட்டுரைகள் அனுப்பினாள்:
பெனோவைப் போலவே பிரதி கூடிய எலிகள்,
ஒழுங்கை ஒழுங்கையாய்ப் பிரிந்த பெட்டிக்குள்
தீனி தேடும் எலிகள்.
மருந்து குடித்தவை கெதியாய்க் கண்டுபிடித்தனவாம்.

பெனோ பாசையூரில் தொலைந்ததே இல்லை,
ஒவ்வொரு ஒழுங்கையும் தெரியும்,
ஒழுங்கைக்கு ஒழுங்கை நாய்களின் பெயரும் தெரியும்,
அவனில் எதைத் திருத்தப் பார்க்கிறார்கள்
என்று பதில் எழுதிவிட்டு
அன்றைக்கு நல்லாய் நித்திரை கொண்டேன்.

பின்னேரச் செபமாலை முடிய
கடலுக்குப் போய்த் திரும்பாத பதின்மூன்று பேரை
அவன்தான் சொல்லுவான்.
சூறாவளியில் மூன்று, சண்டைக் காலத்தில் ஒன்பது,
ஒருவர் மட்டும் ஏனென்றே தெரியாமல்.
எங்கேயும் எழுதி வைத்ததில்லை.
சவரிமுத்தர், வலன்ரீன் அண்ணை என்று தொடங்கிச்
சின்ன றொக்கு வரைக்கும் சத்தமாய்.
கடைசியில், குரல் தாழ்த்தி, அப்பா.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை
சின்ன றொக்கோடு நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டான்.
அம்மா என்னைப் பார்த்தாள்.
நான் மெழுகுதிரியைப் பார்த்தேன்.
சனிக்கிழமையும் அப்படித்தான்.

நாற்பதை நெருங்கையில் இவர்களில் பலருக்கு
மறதி முந்திக்கொண்டு வரும் என்று
மச்சாள் அனுப்பியதில் நாலாம் பக்கத்தில் இருந்தது.
நான் மூன்றோடு மூடி வைத்திருந்தேன்.
மருந்து தேடுகிறவர்களில் சிலர் தேடுவது
கூட இருப்பதை எடுக்க அல்லவாம்,
இருப்பது போகாமல் பிடித்துவைக்க.
அங்கே ஆட்களைப் பதிகிறார்களாம்.
எங்கள் கரைக்கு எப்போது வரும் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவனிடம் படத்தைக் காட்டினேன்.
"இந்த எலிக்கும் உன்னை மாதிரி ஒண்டு கூட."
நண்டு மணக்கும் விரலால் திரையைத் துடைத்துவிட்டு
நெடுநேரம் பார்த்தான்.
"அதுக்கு மருந்து கசந்ததோ?"
தெரியாது என்றேன்.
"இப்ப சுகமோ?"

மூளையைச் சீவிச் சீவிக்
கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தது
ஆறாம் பக்கம்.
"சுகம்" என்றேன்,
மருந்துக்கடையில் ஆட்களுக்குச் சொல்லும் அதே குரலில்.

அன்றிரவு சின்ன றொக்கு வரைக்கும் சொன்னான்.
மணியொன்றைப் பிடித்தபடி நின்றான்.
அம்மாவின் உதடு அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் சொன்னது.
அவன் காணவில்லை.
"எலி" என்றான்.
பிறகு விரல்களை மடித்து மடித்து எண்ணினான்.
"பதின்மூண்டு. ஒண்டுகூடக் குறையேல்லை."