மூன்றாவது அடி

திருத்தணிக் கிளைச்சிறையில் மின்விசிறிக்கு ஒரே வேகம்.
படிவத்துக்குப் பதினொரு பக்கம்.
ஆறாம் பக்கம்: குழந்தைப் பருவம்.

தசரதன், முப்பத்தொன்று, விசைத்தறி, பொதட்டூர்பேட்டை.
முதலாளி ஏகாம்பரத்தை இரும்புக் கம்பியால் மூன்று முறை.
இடது காது போய்விட்டது அவருக்கு,
வலது காதைத் தறிச்சத்தம் ஏற்கெனவே எடுத்திருந்தது.

உரக்கப் பேசினான். தறிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான்.
அதை 'ஆக்ரோஷம்' என்று குறித்திருந்தார்
எனக்கு முன் வந்தவர்.
அந்தச் சொல்லை நான் அடித்தேன்.

முதல் அடி எதற்கு?
முன்பணம். அப்பன் வாங்கியது, மகன் கழித்தது,
கழிக்கக் கழிக்க நோட்டில் ஏறியது.
இரண்டாவது?
"கீழ விழுந்தும் சிரிச்சாரு."
மூன்றாவது?
அதுவரை தமிழில் சொல்லி வந்தவன்
சுவரைப் பார்த்தான்.
"தெலீது" என்றான்.

அம்மா செத்ததையும் தெலுங்கில்தான் சொன்னான்.
படிவத்தில் மொழிக்கு ஒரு கட்டம்.
வரும்போதே 'தமிழ்' என்று நிரப்பியிருந்தேன்.

வெளியே வேப்பமர நிழலில் அண்ணன் ரகுபதி,
நகரி வழி பஸ்ஸில் கண்டக்டர்.
பன்னும் ஒரு சீப்பும் கொண்டுவந்திருந்தான்.
ஒரே வீடு, ஒரே அப்பன், ஒரே பெல்ட்;
கேட்காமலே சட்டையைத் தூக்கிக் காட்டினான்,
பக்கிளின் தடம் இவன் முதுகிலும்.
பதினேழு வருஷமாய்ச் சில்லறைக்குக்கூட
யாரிடமும் சண்டை போட்டதில்லையாம்.
இவனை எந்தப் பக்கத்தில் எழுத?

படித்த சொற்கள் கைவசம் இருந்தன.
உந்துதல். இடமாற்றம். ஆரம்பகாலக் காயம்.
அப்பனை அடிக்க முடியாத கை
முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது என்று
ஒரே வரியில் முடித்துவிடலாம்.
முடித்தும் விட்டேன். அவனுக்கு வாசித்தும் காட்டினேன்.

"நாயனாவ இதுல இழுக்காதீங்க மேடம்.
அவரு அடிச்சாரு, வாஸ்தவம்.
இது நான் அடிச்சது."
சொல்லிவிட்டு இரண்டு கையையும்
மடியில் இறுக்கி வைத்துக்கொண்டான்,
எதையோ பிடுங்க வந்தவள் போலிருந்தேன் நான்.

கடைசிப் பக்கத்தில் நீதிபதிக்கு ஐந்து வரி இடம் உண்டு.
முதல் அடியை எழுதினேன். இரண்டாம் அடியை எழுதினேன்.
பிறகு வெகுநேரம் மின்விசிறி.

காவலர் வந்து கூப்பிட்டார்.
எழுந்தவன் வாசலில் நின்று கேட்டான்:
"நாலாம் நம்பர் தறியில அன்னிக்குப் பாவு அறுந்துபோச்சு.
பிணைக்க ஆள் வந்தாங்களா?"
நாலாயிரம் இழை இருக்கும். ஒவ்வொன்றாய்,
பழைய நுனியும் புது நுனியும்
எச்சில் தொட்டு முறுக்க வேண்டும்.
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் விசாரிக்கவில்லை.