பாதிக்கு என்ன விலை

ஆ கியோங் காலால் அளந்தான்.
முப்பதுக்கு இருபது.
"வெட்டி அள்ளினா ஆயிரத்து இருநூறு வெள்ளி அக்கா,
மருந்து அடிச்சா நானூறு."

பீடோரில், தாமான் கடைசியில், மூலை வீடு.
முன்பு இருந்தவர் போட்ட புல்;
இப்போது பாதி லாலாங், பாதி தொட்டாற்சிணுங்கி,
நடுவே நாய் படுத்துப் படுத்து விழுந்த வழுக்கை.

நாமே செய்யலாம் என்கிறான் இன்பரசன்.
வீடியோ பார்த்திருக்கிறான்.
கடையில் மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்து
விலையைப் படம் எடுத்து வந்திருக்கிறான்.

நான் பேசவில்லை.
பதினேழு வருஷம்
முதுகில் மருந்துத் தொட்டியோடு
செம்பனை நிரை நிரையாய்
சம்பளத்துக்குப் புல் கொன்றவள்.
இடக்கையில் இரண்டு நகம்
இன்னும் நேராக முளைக்கவில்லை.

"மருந்து வேணாம்."
"அப்ப ஆயிரத்து இருநூறு."
"நாங்களே வெட்டினா?"
"இடுப்பு போயிடும்" என்று சிரித்தான்.

ஞாயிறு, மழை விட்டதும்
மீன் வெட்டும் கத்தியால்
ஒரு முழச் சதுரம் அறுத்துத் தூக்கினேன்.
பாய் சுருளுவது மாதிரி வந்தது வேர்.
அடியில் கறுத்த மண்,
யாரோ பிள்ளை தொலைத்த கோலி,
ஒரு பூரான்.
இன்பரசன் படியேறிவிட்டான்.

கத்தியைத் துடைத்தேன்.
மீதியைக் கண்ணால் எண்ணினேன்,
நாய் வரைக்கும்.

"ஆ கியோங்,
பாதிக்கு என்ன விலை?"